வாய்க்கால் காட்டும் வழி
(தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் அமைதியான மிதிவண்டிப் பாதைகள் – ஓர் ஆய்வு)

முன்னுரை

மனிதன் கண்ட பொறிகள் எத்தனையோ உள. அவற்றுள் அவனுடைய உடல் வலிமையையே எரிபொருளாகக் கொண்டு, நடையைக் காட்டிலும் மூன்று நான்கு மடங்கு விரைவில் அவனைக் கொண்டு செல்வது மிதிவண்டி. ‘சைக்கிள்’ என்று நாம் அன்றாடம் வழங்கும் இவ்வண்டிக்குப் பெட்ரோல் வேண்டா, உரிமம் வேண்டா, நிறுத்த ஒரு சுவர் இருந்தால் போதும். ஆயினும் அதற்குத் தேவையான பொருள் ஒன்று உண்டு. அது நல்ல பாதை. அகன்ற பாதை நல்ல பாதை ஆகிவிடாது. லாரியும் பேருந்தும் முட்டித் தள்ளாத, மூச்சு வாங்க வைக்காத பாதையே மிதிவண்டிக்கு நல்ல பாதையாகும்.

வெளிநாடுகளில் இத்தகைய பாதைகளைத் தேடித் தேடி வகுத்திருக்கிறார்கள். ஆஸ்திரியாவில் டான்யூப் ஆற்றங்கரையில் மெல்க், கிரெம்ஸ் என்னும் ஊர்களுக்கு இடையே வாகாவ் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. சுமார் 36 கி.மீ. நீளம். இருபுறமும் மலைச்சரிவுகளில் படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள், கீழே ஆறு, ஆற்றை ஒட்டி மிதிவண்டிக்கான அமைதியான வழி. 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அப்பள்ளத்தாக்கை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பிரான்சிலோ, 1681-இல் திறக்கப்பட்ட மிதி கால்வாயின் கரைகளில், படகை இழுத்த குதிரைகள் நடந்த தடத்திலேயே இன்று மிதிவண்டிகள் செல்கின்றன.

இவற்றைப் படிக்கும்போது நம் மாணவர்கள் பெருமூச்சு விடுவதை நான் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். பெருமூச்சுக்குத் தேவையில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. மலை, ஆறு, கால்வாய், பசுமை ஆகிய நான்கும் நம் நெல்லைச் சீமையில் உண்டு. திராட்சைக்கு ஈடாக நெல்லும் வாழையும் பனையும் இருக்கின்றன. பாதையும் இருக்கிறது. அதைக் கண்டறியும் முறையைத்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் இப்பள்ளத்தாக்கில் மிதிவண்டியில் சென்று வருபவன் என்ற முறையிலும், புவியியல் கற்பிப்பவன் என்ற முறையிலும் நான் அறிந்தவற்றை இங்கே தொகுத்துரைக்கிறேன்.

ஆறும் அணைக்கட்டுகளும்

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளி கண்டு, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாகப் புன்னைக்காயலுக்கு அருகில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது தாமிரபரணி. சுமார் 128 கி.மீ. நீளமே உடைய இந்த ஆறு பிறப்பதும் தமிழகத்தில். கடலில் சேர்வதும் தமிழகத்தில். மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு முதலியவை இதன் துணையாறுகள்.

இந்த ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்பன அவற்றின் பெயர்கள். கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு ஆங்கிலேயர் காலத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. இவற்றிலிருந்து பதினொரு வாய்க்கால்கள் பிரிந்து ஏறத்தாழ 86,000 ஏக்கர் நிலத்தை நனைக்கின்றன.

இங்குள்ள அணைக்கட்டு என்பது நீரைத் தேக்கி வைக்கும் பெரிய அணை அன்று. ஆற்றின் குறுக்கே தாழ்வாகப் போடப்பட்ட கல் வரம்பு அது. ஆற்றுநீரைச் சற்றே உயர்த்தி, பக்கத்திலுள்ள வாய்க்காலின் தலைமடைக்குள் திருப்புவதே அதன் பணி. அதற்குப் பிறகு நடப்பதுதான் நம் பாடத்துக்கு முக்கியமானது.

நீர் கற்பிக்கும் பாடம்

ஆறு தன் இயல்பான சரிவில் இறங்கிச் செல்கிறது. வாய்க்கால் வெட்டியவர்களோ அதைவிடக் குறைந்த சரிவில் நீரைக் கொண்டு சென்றார்கள். இதனால் போகப் போக ஆறு தாழ்ந்துகொண்டே செல்ல, வாய்க்கால் ஆற்றைவிட உயரத்தில் நிற்கிறது. இரண்டிற்கும் நடுவில் உள்ள நிலமெல்லாம் வாய்க்காலுக்குத் தாழ்வு. ஆகவே அங்கே மடையைத் திறந்தால் நீர் தானே பாயும். அது நன்செய். வாய்க்காலுக்கு மேற்புறம் உள்ள நிலத்திற்கு நீர் ஏறாது. அது புன்செய். எனவே, வாய்க்கால் என்பது நன்செய்க்கும் புன்செய்க்கும் இடையே இயற்கையும் மனிதனும் சேர்ந்து போட்ட எல்லைக்கோடு எனலாம்.

மிதிவண்டி ஓட்டுகிறவனுக்கு வேண்டியதும் இதுவே அல்லவா? நெடுந்தூரம் போக வேண்டும்; ஏற்ற இறக்கம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். பல நூற்றாண்டுகளுக்கு முன் வாய்க்கால் வெட்டியவர்கள் நமக்காக இக்கணக்கைப் போட்டு வைத்துவிட்டார்கள். கரையோரமாகப் போகிறவன் அவர்கள் போட்ட விடையின் மீதே வண்டி ஓட்டுகிறான்.

இதை எனக்கு ஒரே வாக்கியத்தில் விளக்கியவர், பத்தமடைப் பக்கம் மடை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர். “தண்ணிக்கு மேடு ஏறத் தெரியாதுல்லா சார்? அது போற வழியிலயே போங்க, ஒங்களுக்கும் மேடு வராது” என்றார். நான் ஒரு மணி நேரம் கரும்பலகையில் எழுதி விளக்கும் செய்தி இவ்வளவுதான்.

சிறு கணக்கு

இதை எண்களால் சரிபார்ப்போம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று கொள்க. சமதளமான தார்ச்சாலையில் சக்கரம் உருள்வதற்கு எதிராக நிற்கும் தடை, எடையில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். அதாவது சுமார் 800 கிராம் எடையை இழுப்பதற்குச் சமம். ஏற்றம் வந்தால் இதனோடு ஏற்றத்தின் தடையும் கூடும். இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சாலையில் 80-ஐ 20-ஆல் வகுக்க வேண்டும். 4 கிலோ வருகிறது. முந்தைய 800 கிராமும் சேர்ந்தால் 4.8 கிலோ. ஆக, சமதளத்தைவிட ஆறு மடங்கு உழைப்பு!

இப்போது நம் பள்ளத்தாக்கைப் பார்ப்போம். திருநெல்வேலி கடல் மட்டத்திலிருந்து சுமார் 47 மீட்டர் உயரத்தில் உள்ளது. அம்பாசமுத்திரம் சுமார் 76 மீட்டர். இடைத்தூரம் ஏறக்குறைய 35 கி.மீ. அப்படியானால் 29 மீட்டர் ஏறுவதற்கு 35,000 மீட்டர் தூரம் இருக்கிறது. சராசரியாக 1,200 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். 80 கிலோவை 1,200-ஆல் வகுத்தால் 67 கிராம் வரும். மலையை நோக்கிப் போகிறோம் என்பதையே கால்கள் அறியமாட்டா.

இங்கே மற்றொரு செய்தியும் உண்டு. கியர் வைத்த வண்டிகளில் ஏற்றத்துக்குத் தக்கபடி பல்சக்கரத்தை மாற்றிக்கொள்ளலாம். நம் ஊர் மாணவர்களும் உழவர்களும் பால்காரர்களும் ஓட்டும் சாதாரண வண்டிக்கு அந்த வசதி இல்லை. என் வண்டியில் முன்சக்கரத்துக்கு 44 பற்கள், பின்னதற்கு 18. மிதியை ஒரு முறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் போகும். மேடானாலும் பள்ளமானாலும் அதே கணக்குதான். வசதி படைத்தவர் ஏற்றத்துக்கேற்ற வண்டியை விலைக்கு வாங்கிவிடலாம். வசதியற்றவர் வண்டிக்கேற்ற பாதையைத்தான் தேடிக்கொள்ள வேண்டும். ஆகவே அமைதியான, சமமான பாதை என்பது உல்லாசப் பயணிகளைக் காட்டிலும் எளியவர்களுக்கே இன்றியமையாதது.

நான்கு பாதைகள்

முதலாவது பாதை: தென்கரையில் கன்னடியன் வாய்க்காலைத் துணையாகக் கொண்டு செல்வது. மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், கோபாலசமுத்திரம், மேலச்செவல், பத்தமடை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஊர்கள் மாலைபோல் தொடுத்துக் கிடக்கின்றன. புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதையே. பேருந்துச் சாலையில் நெரிசல் மிகும்போது வாய்க்கால் கரைக்கு இறங்கும் கிளைவழிகள் பல ஊர்களில் உள்ளன. மேற்கு நோக்கிப் போகையில் வலப்புறம் நன்செய், இடப்புறம் புன்செய். வலக்கண்ணுக்குப் பசுமையும் இடக்கண்ணுக்குப் பனையும் உடைமரமும் தெரிந்தால் சரியான கரையில் போகிறோம் என்று பொருள். பத்தமடையில் கோரைப்பாய் நெசவைக் காணலாம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பாய் அது. காருகுறிச்சி, நாகசுர மேதை அருணாசலத்தின் ஊர். பயணக் களைப்புத் தீர இறங்கி உட்கார ஊருக்கு ஒரு படித்துறையாவது உண்டு.

இரண்டாவது பாதை: வடகரையில் முக்கூடல் வழியாகத் திருப்புடைமருதூருக்குச் செல்வது. கடனாநதி தாமிரபரணியோடு கூடும் இடம் இது. கோயில் கோபுரத்தின் உள்ளே மரச் சிற்பங்களும் பழைய சுவரோவியங்களும் உள்ளன. ஊரின் மருத மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டுகின்றன. இவ்வூர் மக்களே அவற்றைக் காத்து வந்தமையால், 2005-இல் இவ்விடம் பறவைகள் காப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அவ்வகையில் நாட்டிலேயே இதுதான் முதலாவது. ஒலிப்பானை அடித்துக்கொண்டு போகும் வண்டிக்கு இங்கே என்ன வேலை? மிதிவண்டியின் மணியைக்கூட அடக்கி வைத்துக்கொண்டு போக வேண்டிய ஊர் இது.

மூன்றாவது பாதை: அம்பாசமுத்திரத்திலிருந்து ஆழ்வார்குறிச்சி, கடையம் வழியாகத் தென்காசிக்குச் செல்வது. மலையின் அடிவாரத்தை ஒட்டியே போவதால் அழகில் இதற்கு ஈடில்லை. பாரதியார் 1918 முதல் 1920 வரை வாழ்ந்த கடையம் இவ்வழியில் உள்ளது. ஆனால் முதல் இரண்டு பாதைகளைப்போல் இது சமமாக இருக்காது. காரணம் என்ன? முன் பாதைகளில் நாம் நீரோடு சென்றோம். இங்கே நீரைக் குறுக்கே கடக்கிறோம். கடனாநதி, ராமநதி, ஜம்புநதி ஆகியவை மலையிலிருந்து கிழக்கே இறங்குகின்றன. சாலையோ வடக்கே போகிறது. ஒவ்வோர் ஓடைக்கும் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். ‘நீரோடு போனால் சமம், நீரைக் கடந்தால் ஏற்ற இறக்கம்’ – இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால், உலகத்தின் எந்த வரைபடத்தைக் கொடுத்தாலும் எந்தப் பாதை எளிது என்று சொல்லிவிடலாம். தென்காசிக்கு அப்பால் சுந்தரபாண்டியபுரம் பக்கம் ஆடி மாதத்தை ஒட்டிச் சூரியகாந்தி பூத்திருக்கும். குற்றாலச் சாரலும் அதே பருவத்தில்தான்.

நான்காவது பாதை: ஆற்றோடு கீழே இறங்குவது. பாளையங்கோட்டையிலிருந்து கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆதிச்சநல்லூர் கடந்து ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வரை செல்லலாம். மருதூர் அணைக்கட்டின் மேலக்காலும் கீழக்காலும் இங்கே குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகின்றன. சுற்றிலும் நெல்லும் வாழையும். ஆதிச்சநல்லூரில் நின்று பாருங்கள். அலெக்சாண்டர் ரே 1899-க்கும் 1905-க்கும் இடையே அகழ்ந்து கண்ட தாழிகள் மேட்டுப்பாங்கான பரம்பில் புதைக்கப்பட்டவை. அன்று வாழ்ந்தவர்கள் நீர் பாயாத மேட்டை இறந்தோருக்குக் கொடுத்து, நீர் பாயும் தாழ்வை வாழ்வோருக்கு வைத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றும். நன்செய்–புன்செய் எல்லை எவ்வளவு பழமையான அறிவு என்பதை எண்ணிப் பார்க்க ஏற்ற இடம் அது.

மலைச்சாலை பற்றி ஒரு சொல்

‘மலைக்கே போகலாமே’ என்று இளைஞர்கள் கேட்பார்கள். மணிமுத்தாறு அணையிலிருந்து மாஞ்சோலைக்குச் செல்லும் சாலை சுமார் 20 கி.மீ. தூரத்தில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்கிறது. மேலே சொன்ன கணக்கின்படி இருபதுக்கு ஒன்று. சமதளத்தின் ஆறு மடங்கு உழைப்பு. அதுவும் இடைவிடாமல்! சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் குத்தகைக்கு எடுத்த காட்டில் உருவான தேயிலைத் தோட்டங்களுக்காக ஏற்பட்ட வழி அது. 2024-இல் தோட்டப் பணி நின்று, தலைமுறைகளாக அங்கே உழைத்த குடும்பங்கள் மலையிறங்க நேர்ந்தது. அப்பகுதி 1988-இல் அமைந்த களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்கு உட்பட்டது. வனத்துறையின் இசைவின்றிச் செல்லலாகாது. இறங்கும்போது கட்டைப் பிரேக்கை மட்டும் நம்பி வரக்கூடிய சரிவும் அன்று. ஆகவே மாணவர்கள் மணிமுத்தாற்றின் கரையிலிருந்தே மலையைக் கண்டு மகிழ்வது நலம்.

காற்றும் காலமும்

தரையின் தடையைவிடக் கொடியது எதிர்காற்றின் தடை. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் தடை நான்கு மடங்காகும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகிறவர்மீது 20 கி.மீ. வேகத்தில் எதிர்காற்று வீசினால், அவர் உடல் 35 கி.மீ. வேகக் காற்றைச் சந்திக்கிறது. தடை ஐந்து மடங்குக்கும் மேலாகிவிடும். தென்மேற்குப் பருவத்தில், ஆனி ஆடி மாதங்களில், செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று இப்படித்தான் முகத்தில் அறையும். பகலைவிட விடியற்காலையில் அது சற்று அடங்கியிருக்கும்.

இதில் நம் பள்ளத்தாக்குக்கு ஒரு நற்பேறு உண்டு. அது மேற்கிலிருந்து கிழக்காக நீண்டு கிடக்கிறது. விடியலில் நெல்லையிலிருந்து மேற்கே புறப்பட்டால் வெயில் முதுகில் விழும், காற்றும் எழுந்திராது. மாலையில் திரும்பினால் அப்போதும் வெயில் முதுகில்தான். எழுந்துவிட்ட காற்றும் முதுகைத் தள்ளும். இறக்கமும் நம் பக்கம். முப்பது மைல் போனவனும் முகம் வாடாமல் வீடு வந்து சேரலாம்.

பருவத்தையும் வேளாண்மையே வகுத்து வைத்திருக்கிறது. ஜூன் தொடக்கத்தில் பாபநாசம் அணை திறந்து கார் சாகுபடிக்குத் தண்ணீர் விடும்போது வாய்க்காலில் புதுநீர் ஓடுவது கண்கொள்ளாக் காட்சி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் கரைகள் சேறாகிவிடும். அப்போது தார்ச்சாலையோடு நிற்க வேண்டும். பிசான நெல் பச்சைக் கம்பளம் விரித்திருக்கும் தை மாதமே மிகச் சிறந்தது. அறுவடைக் காலத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உழவர்கள் சாலையில் வைக்கோலும் நெல்லும் உலர்த்துவார்கள். வைக்கோல் செயினில் சுற்றிக்கொள்ளும். நெல்மணியில் சக்கரம் வழுக்கும். அங்கே இறங்கி உருட்டிக்கொண்டு போவதே முறை. அது அவர்களுடைய ஆண்டு வருமானம். நமக்கோ இரண்டு நிமிடம்.

புறப்படுமுன் இரு சக்கரத்திலும் காற்று, பிரேக் கட்டையின் தேய்மானம், செயினின் எண்ணெய் இம்மூன்றையும் பார்க்க வேண்டும். பஞ்சர் ஒட்டும் சாமான்களும் கைப்பம்பும் கையில் இருத்தல் நன்று. வாடகை சைக்கிள் கடைகள் மறைந்துவிட்ட இக்காலத்தில், பஞ்சர் ஒட்டித் தர முன்போல் ஊர்தோறும் ஆள் கிடைப்பதில்லை.

பாதை யாருக்கு வேண்டும்?

1991-ஆம் ஆண்டை ஒட்டிப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வண்டி ஏறினார்கள். தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, கூலி வேலைக்குச் செல்ல இன்னொருவரை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்ற நிலை பிறந்தது. பின்னர் 2000-களில் தமிழக அரசு பள்ளி மாணவ மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கலாயிற்று. வண்டி வந்துவிட்டது. ஆனால் வண்டி ஓடும் பாதை?

எங்கள் துறையில் பயிலும் மாணவி ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள சிற்றூர் அவளுடையது. பேருந்து நிற்கும் இடத்துக்கு ஏழு கிலோமீட்டர். பள்ளியில் கொடுத்த மிதிவண்டியில் வாய்க்கால் கரை வழியாகவே வந்து, அங்கிருந்து பேருந்து ஏறுவாள். “அந்தக் கரையில லாரி வராது சார், ஆள் நடமாட்டம் மட்டும் எப்பவும் இருக்கும். அதனாலதான் அப்பா காலேஜுக்கு விட்டாங்க” என்றாள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது; ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று நூற்றுக்கணக்கானோர் தவித்தனர்; ஆறும் குளங்களும் உடைப்பெடுத்தன. அந்தக் கரையும் ஓரிடத்தில் அறுத்துக்கொண்டு போயிற்று. மறு மாதம் அவள் நெடுஞ்சாலை வழியாக வரலானாள். இரண்டு வாரம் கழித்து, “அப்பா ஒரு வருசம் நிப்பாட்டிருவோமான்னு கேக்காங்க சார்” என்று தலை குனிந்து சொன்னாள்.

உடைந்தது இருபதடி மண்தான். ஆனால் அந்த இருபதடியில் ஒரு பட்டப்படிப்பு தொங்கிக்கொண்டிருந்தது! ஊரார் கூடித் தென்னந்தடிகளைக் குறுக்கே போட்டு, வண்டியை உருட்டிக் கடக்க வழி செய்தார்கள். பிறகு கரையும் சரி செய்யப்பட்டது. அவள் இப்போது இறுதியாண்டில் படிக்கிறாள். படகுக் கால்வாயின் கரையில் பிரெஞ்சுக்காரர் விடுமுறையைக் கழிப்பதைப் படித்தோம். நம் வாய்க்கால் கரையில் ஒரு பெண்ணின் எதிர்காலமே நடைபோடுகிறது.

இவ்வாறான கரைகள் இன்று மழையால் மட்டும் அழிவதில்லை. ஊருக்கருகில் வந்ததும் வாய்க்கால் குப்பைத் தொட்டியாகிறது. சாக்கடை அதில் கலக்கிறது. கரையின் மீது கடையும் கொட்டகையும் முளைக்கின்றன. சாலையை அகலப்படுத்துகையில் நிழல் தந்த மருதும் புளியும் வெட்டப்படுகின்றன. வாய்க்காலைக் காப்பது உழவனின் கவலை என்றும், சாலையைக் காப்பது அரசின் கவலை என்றும் நாம் பிரித்து வைத்துவிட்டோம். பள்ளத்தாக்கிலோ இரண்டும் ஒன்றே. கரை உறுதியாக இருந்தால் வயலுக்கு நீரும் போகும். பிள்ளை படிக்கவும் போகும்.

முடிவுரை

திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்க 1843-இல் சுலோசன முதலியார் தம் பொருளைக் கொடுத்து ஆற்றின் மேல் பாலம் கட்டினார். அவ்வளவு பெரிய கொடை நம்மால் இயலாது. ஆயினும் நம்மால் இயன்ற பணி ஒன்று உண்டு. மாணவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் ஊர் வாய்க்காலின் கரை வழியே ஒருமுறையேனும் மிதிவண்டியில் போய்வர வேண்டும். எங்கே கரை உறுதி, எங்கே உடைப்பு, எங்கே நிழல், எங்கே குப்பை என்று ஒரு தாளில் கோடிட்டுக் குறிக்க வேண்டும். பதினொரு வாய்க்கால்களுக்கும் அப்படிப் பதினொரு படங்கள் சேர்ந்தால், நம் கல்லூரியே தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்கு ஒரு மிதிவண்டி வரைபடம் தந்ததாகும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பணி எது? அப்படத்தை ஊராட்சியிடமும் நீர்வளத் துறையிடமும் கொடுத்து, ‘இந்த இருபதடியைச் சரி செய்து தாருங்கள்’ என்று கேட்கலாம். குறிப்பிட்டுக் கேட்கிறவர்களுக்குக் கிடைக்கும் விடை, பொதுவாகக் குறை சொல்கிறவர்களுக்குக் கிடைப்பதில்லை.

வரும் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கன்னடியன் வாய்க்காலிலிருந்து இப்பணியைத் தொடங்க எண்ணியுள்ளேன். வண்டியில் காற்றடித்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீரோடு விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேலப்பாளையத்துக்கு வந்து சேருங்கள். தாளும் பென்சிலும் நான் கொண்டு வருகிறேன்.